அவளை வைத்திருக்கிற மலை

ஷாலினி, தினேஷ், நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஷாலினி, நீ என் வலது கையைப் பிடித்திருக்கிறாய். உன் கால் பாதி நேரம் தரையில் படவில்லை. தினேஷ், நீ என் கழுத்தில் இருக்கிறாய். என் முடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாய். மழை. தோட்டத்து லைன் வீட்டுத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம்தான் காலையிலிருந்து. இப்போது அதற்கு அடியில் இன்னொரு சத்தம். பாரம் ஏற்றிய லோரி முதல் கியரில் ஏற்றம் ஏறுவது போல. ரோட்டைப் பார்த்தேன். லோரி இல்லை. சத்தம் மேலேயிருந்து வருகிறது.

எல்லாரும் கீழே ஓடுகிறார்கள். நானும் கீழேதான் ஓடுகிறேன். பயந்த கால் இறக்கத்தைத்தான் தேடும்.

மேலே, தேயிலைக் கொழுந்து மலையில், உங்கள் அம்மா நிற்கிறாள். தவமணி. மஞ்சள் மழைக்கோட்டு. முதுகில் கூடை. இரண்டு கையையும் ஒரே பக்கமாக வீசுகிறாள். அவள் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வருகிறது.

"கீழ ஓடாதீங்க! பக்கத்துல ஓடுங்க! பாறப் பக்கம்! பாறப் பக்கம்!"

நான் திரும்பினேன். பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். பாறையில் ஏறினோம். ஏறின பிறகுதான் வேர்கள் அறுகிற சத்தம் கேட்டது. பட். பட். பட். மிஞ்சிப்போன தீபாவளி வெடியைப் பையன்கள் கொளுத்துகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். தீபாவளி முடிந்து அடுத்த திங்கட்கிழமை அது. பிற்பகல். வீட்டில் டின்னில் முறுக்கு மீதி இருந்தது.

பிறகு தகரம் மடங்குகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும். எங்கோ ஒரு சேவல் கூவியது.

நான் மேலே பார்த்தேன். மஞ்சள் நிறம் இல்லை. மலையே இல்லை. மலை இருந்த இடத்தில் சிவப்பு.

உங்களுக்கு அப்போது ஐந்து வயது, இரண்டு வயது. நீங்கள் மறந்திருப்பீர்கள். மறக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் ஆறாவதுக்கு மேல் படிக்காதவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பட்டாளம் வந்தது. நாய்கள் வந்தன. மண்ணில் புதைந்த மற்றவர்கள் எல்லாரும் கிடைத்தார்கள். உங்கள் அம்மா கிடைக்கவில்லை. மண் இன்னும் நகருது, இனிமேல் ஆள் இறங்க முடியாது என்று ஒரு நாள் தேடுவதை நிறுத்தினார்கள். நான் மண்வெட்டியோடு உள்ளே போனேன். என்னை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேல் டிவிஷனை மூடினார்கள். மிச்சமிருந்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ரோட்டுக்குக் குறுக்கே கம்பி போட்டார்கள். நாம் ஈப்போவுக்கு வந்தோம். அன்றிலிருந்து பத்து வருஷமாக அந்த மலையில் மனிதக் கால் இல்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. உங்கள் அம்மா உயிரோடு இருந்தபோதே எனக்கு அந்த மலை மேல் பொறாமை.

ஃபேக்டரியில் தூள் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள் அவளுக்கு. மழை இல்லை, அட்டை இல்லை, உட்கார்ந்து செய்கிற வேலை. மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். இவள் மலைக்குப் போவாள். சும்மா. போய் நின்றுவிட்டு வருவாள். காற்று வருகிற திசையை முகர்ந்து பார்த்து, "கியா பார்ம்ல இப்ப மழ" என்பாள். சரியாக இருக்கும்.

"அந்த மலைக்கே ஆக்கிப் போடு, போ" என்று ஒரு நாள் கத்தினேன்.

"அது கேக்காது. நீங்கதான் கேப்பீங்க, உப்பு இல்ல, காரம் இல்லன்னு" என்றாள்.

நான் கவாத்துக்காரன். தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி நிறுத்துகிறவன். அவள் கொழுந்து கிள்ளுகிறவள். "வெட்டுறவன மலை மறந்துரும். கிள்ளுறவள மறக்காது" என்று என்னைச் சீண்டுவாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மலை அசையப் போவதை எனக்குச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் சொன்னது. சொல்லிவிட்டு அவளை எடுத்துக்கொண்டது.

ஷாலினி, போன மாதம் சாப்பிடும்போது நீ ஒன்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் பேசினார்களாம். மனிதர்கள் எல்லாரும் இந்தப் பூமியை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்று. நீயே பதிலும் சொன்னாய். "பூமி நல்லா இருக்குமாம்பா. நாம இல்லாம இன்னும் நல்லா இருக்குமாம்."

நான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன். உன் மேல் கோபம் என்று நினைத்தாய். உன் மேல் இல்லை. அந்த வாரம்தான் நான் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பழைய கிராணி போன் பண்ணியிருந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுவது இன்னும் அவர்தான்.

"மேல் மலையத் திரும்பத் தொறக்கலாம்னு பேச்சு இருக்கு, மாரி. மண்ணு நின்னுருச்சாம். ஆனா ஒங்க வீட்டம்மாவ அந்த மண்ணு இன்னும் திருப்பிக் குடுக்கல. ஒங்க வார்த்த இல்லாம கை வைக்க மாட்டேன்னு மேனேஜர் துரை சொல்றாரு. வெட்டலாமா, விடலாமா? போயிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

போனை வைப்பதற்கு முன்பே என் மனசில் பதில் இருந்தது. வெட்டுங்கள். ஒரு குச்சி விடாமல் வெட்டுங்கள். என் வீட்டைத் தின்றுவிட்டு அது எப்படி நிம்மதியாக நிற்கலாம்.

திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற உங்கள் குணா மாமாவோடு போனேன். அம்மாவின் அண்ணன். கம்பி வேலிக்கு வெளியே லோரியை நிறுத்தினோம். கிராணி சாவி கொடுத்திருந்தார். பூட்டு திறக்கவில்லை. துரு. வேலியை ஒரு மரம் விழுங்கியிருந்தது. கம்பி மரத்துக்குள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. அதன் மேலேயே காலை வைத்து ஏறிக் குதித்தோம்.

ரோடு இருக்கிறது. ரோடு இல்லை. தார் பாளம் பாளமாகத் தூக்கி நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பாசி. பாசியில் செடி. செடியின் காலடியில் தண்ணீர். பக்கத்துச் சாக்கடை அடைத்துப்போக, மழைத்தண்ணீர் ரோட்டையே ஆறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பு அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும். இப்போது அடிக்கல் தெரிகிறது. தவளைச் சத்தம். நாம் இருந்தபோது அத்தனை தவளை இல்லை. உரமும் மருந்தும் அதில்தான் இறங்கும்.

லைன் வீடுகளில் நின்றது ஒரு சுவர். அதில் நீல பெயிண்ட். அது நம் வீடா, பக்கத்து வீடா, தெரியவில்லை. சமையல் மேடை இருந்த இடத்தில் காட்டுப் பன்றி கிளறிய மண். ஈரம். காலையில்தான் வந்துபோயிருக்கும். நம் வீட்டில் இப்போது அது குடியிருக்கிறது. அதன் மேலேயும் பொறாமைப்பட்டேன். பன்றி மேல்.

பிறகு நிமிர்ந்து பார்த்தேன்.

தேயிலையை நீங்கள் இடுப்பு உயரத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். போட்டோவில் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்குமே, அது. அது செடி இல்லை, பிள்ளைகளே. அது மரம். நாங்கள்தான் நூறு வருஷமாக அதை வளர விடாமல் வைத்திருந்தோம். பத்து வருஷம் கத்தி படவில்லை. இப்போது இரண்டு ஆள் உயரம், சிலது மூன்று ஆள் உயரம் நிற்கிறது. நிரை எது, நடை எது, ஒன்றும் தெரியவில்லை. கிளைகள் ஒன்றோடு ஒன்று கை கோத்திருக்கின்றன. தண்டெல்லாம் பாசி. உள்ளே பகலிலேயே இருட்டு. பறவைகள் நாங்கள் வந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

எல்லா மரமும் பூத்திருந்தது.

தேயிலை பூத்தால் கவாத்துக்காரனுக்கு அவமானம். எங்கள் பேச்சு அப்படி. ஒரு மலை பூத்துக் கிடந்தால், "யாருடா இந்த மலைக்குக் கத்தி?" என்று கங்காணி கேட்பார். கத்தி பிடித்தவன் தலையைத் தொங்கப் போடுவான். அந்த மலைக்கு நான்தான் கத்தி. அத்தனையும் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தூள். தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. என் பெண்டாட்டியை உள்ளே வைத்துக்கொண்டு இப்படிப் பூக்கிறது. ஒரு நாள் துக்கம் காத்ததா? ஒரு வருஷம் இலையை உதிர்த்துவிட்டு நின்றதா? நான் பத்து வருஷமாக ஒரு நல்ல சட்டை போடவில்லை. இது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்தேன். ஈப்போவில் கூலிக்கு அடுத்தவர் வீட்டு வேலிச் செடி வெட்டுகிற கத்திதான் இப்போது அது. பக்கத்தில் நின்ற மரத்தை வெட்டினேன். என் கை தடிமன். ஒரே வெட்டில் போகவில்லை. மறுபடி வெட்டினேன். மறுபடி.

"மச்சான், என்னா பண்றே?" குணா மாமா.

"பூத்திருக்கு."

"பூக்கட்டும் லா. நீ என்னா, தேனீயா?"

"இது நான் வெட்டுற மலை."

"பத்து வருஷமா நீ அதுக்கு முடி வெட்டல. செத்தா போச்சு? நல்லாத்தானே இருக்கு."

"அதான் மச்சான். நல்லா இருக்கு. அதான்."

மரம் சாய்ந்தது. சாய இடமில்லை. பக்கத்து மரங்கள் அதைத் தாங்கிக்கொண்டன. வெட்டின பிறகும் அது நின்றுகொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. வெட்டின வாயிலிருந்து பச்சை வாசனை. அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் விரலில் இருக்கிற அதே வாசனை. அதையும் இந்த மலைதான் வைத்திருக்கிறது. என்னிடம் அவள் துணி ஒன்றுகூட இல்லை.

சரிந்த இடத்துக்குப் போனோம். சிவப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்து வருஷமாக என் கனவில் அது சிவப்புதான். சிவப்பைக் காணோம். கம்பி மாதிரி பெரணி முழுக்கப் போர்த்தியிருந்தது. நெஞ்சு உயரம். பெரணிக்கு நடுவே ஊதாப் பூப் புதர். புதரின் நிழலில் குனிந்து பார்த்தேன். இரண்டு இலை, நாலு இலை, முழ உயரம். தேயிலைக் கன்று. எத்தனையோ. மேலே பூத்த மரங்கள் காய்த்து, காய் வெடித்து, விதை மழைத்தண்ணீரில் உருண்டு வந்து முளைத்திருக்கிறது. நர்சரி இல்லை. பை கட்டுகிற ஆள் இல்லை. நிழல் வலை இல்லை. தோட்டத்துத் தேயிலையை நாங்கள் ஒருநாளும் விதைக்கு விட்டதில்லை. அது தன்னாலேயே போய்த் தன் புண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

எந்த இடம் என்று தேடினேன். அவள் எந்த இடத்தில் நின்றாள் என்று. பாறை தெரிந்தது. பாறையிலிருந்து கணக்குப் பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சை. மலைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

பாறையில் உட்கார்ந்தோம். ஷாலினி, நீ கேட்பதற்கு முன்பே உன் கேள்விக்கான பதிலை நான் அங்கே உட்கார்ந்துதான் யோசித்திருந்தேன். எழுதிக்கொள்.

மனிதர்கள் போய்விட்டால் முதலில் சாகிறது ஸ்ட்ராபெரி. கியா பார்மில் இருக்கிறதெல்லாம் ஊட்டி விட்டால்தான் சாப்பிடுகிற பிள்ளை. குழாய்த் தண்ணீர் நின்றதும் வாடிப்போகும். கோலா தெர்லா பக்கத்து முட்டைக்கோஸ் ஒரு தடவை மஞ்சளாகப் பூத்துவிட்டுப் புழுவுக்குப் போகும். திரிங்காப் ரோஜா கொஞ்ச நாள் வேலி ஏறும், முள்ளாகிப் போகும். பிளாஸ்டிக் கூரையெல்லாம் காற்றில் கிழியும். கிழிந்து மரத்தில் தொங்கும். அதுதான் ரொம்ப நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பேரைச் சொல்லப் போவது அந்தக் கந்தல்தான். மலையைச் சுற்றிப் போகிற ரோடு ஒவ்வொரு மழைக்கும் ஒரு வாய் சாப்பாடாகப் போகும். அணைக்கட்டு சேற்றால் நிரம்பும், பிறகு வழியும், பிறகு அதன் மேல் புல் முளைக்கும். ஈப்போவில் நம் ஃபிளாட்டில் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆலங்கன்று இருக்கிறதே, வருஷா வருஷம் பிடுங்குகிறார்களே, அதைப் பிடுங்க ஆள் இருக்காது. அது போதும் அந்தக் கட்டடத்துக்கு.

தேயிலை மட்டும் ஜெயித்துவிட்டது என்று நினைக்காதே. அதுவும் தோற்கும். நான் மேலே பார்த்தேன். மலை உச்சியிலிருந்து காட்டு மரங்கள் இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. நம் ஆயுசு, உன் பிள்ளைகள் ஆயுசு கழிந்தால் அவை தேயிலைக்கு மேல் குடை பிடிக்கும். தேயிலை நிழலில் மெலியும். அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். உனக்கும் ஒரு எஜமான் வருவான் என்று அந்த மரங்களிடம் சொன்னேன்.

உன் பள்ளிக்கூடத்தில் சொன்னது சரிதான். நல்லா இருக்கும். நாம் அழைக்கப்படாத கல்யாணம் மாதிரி இருக்கும். மேளச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். நமக்கு இலை இருக்காது.

அப்போதுதான் குணா மாமா பேச்சை எடுத்தார்.

"கிராணிகிட்ட என்னா சொல்லப் போற?"

"வெட்டச் சொல்லப் போறேன்."

"வெட்டிட்டு என்னா பண்ணப் போறாங்க, தெரியுமா? கிராணி சொல்லலியா?"

"தேயில."

"தேயில பாதிதான் மச்சான். மெஷின் வெச்சு வெட்டுற தேயில. ரெண்டு பக்கம் ஆள் பிடிச்சுக்கிட்டு செடி தலைக்கு மேலேயே அத ஓட்டிக்கிட்டு நடந்து போவானுங்க, புது ஆளுங்க. இந்தப் பாறையில கண்ணாடிக் கட. டூரிஸ்ட் வந்து டீ குடிச்சிக்கிட்டே வியூ பார்க்குறதுக்கு. படம் புடிக்க ஒரு மேட, இந்தா, இப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு." கையை நீட்டிக் காட்டினார். அவர் கை பெரணிக்கு மேலே நின்றது. எங்கோ அதற்கு அடியில்தான் தவமணி.

"நல்லதுதானே. ஊருக்கு வேல" என்றேன்.

"நல்லதுதான். வேணாம்னு நானும் சொல்ல மாட்டேன். எனக்குத் தங்கச்சி. ஒனக்குப் பொண்டாட்டி. ஒன் வார்த்ததான்."

நான் பெரணியைப் பார்த்தேன். யாரோ ஒருவன், பேர் தெரியாதவன், மெஷினைப் பிடித்துக்கொண்டு அவள் மேல் நடந்து போகிறான். வாரம் ஒரு தடவை. அவள் மேல் முளைத்த கொழுந்து அவன் பைக்குள் போகிறது. யாரோ ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கப்பைக் கீழே வைத்துவிட்டு, சுகர் போதவில்லை என்கிறாள். என் உடம்பெல்லாம் எரிந்தது. மலை மேல் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை அதற்கு முன்னால்.

மலையாவது அவளுக்குத் தெரிந்த ஆள். அவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்த ஆள்.

"விட்டுரச் சொல்லப் போறேன்" என்றேன்.

"இப்பத்தான் வெட்டச் சொன்னே."

"இவன்கிட்டயே இருக்கட்டும். வேற எவன்கிட்டயும் வேணாம்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர். "மலையோட சக்களத்திச் சண்ட போடுற மொத ஆம்பள நீதான் மச்சான்."

கீழே ஆபீசுக்கு வந்தோம். கிராணி பென்ஷன் வயசிலும் அதே நாற்காலியில் இருந்தார். உள்ளே துரை இருந்தார். சின்ன வயசு. எழுந்து நின்றார். என்ன முடிவு என்று கேட்டார்.

"விட்டுருங்க துரை. யாரும் மேல போக வேணாம். நானும்தான்."

"கல்லாவது ஒண்ணு வெக்கலாமா? பேர் போட்டு?"

"வேணாம். கல்லு வெச்சா ஆளு வரும்."

அவர் சரி என்றார். கொடுத்த வார்த்தை எத்தனை துரை மாறும் வரைக்கும் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் இல்லாத நாளில் யாராவது உங்களைக் கேட்டால், இதே பதிலைச் சொல்லுங்கள்.

இழந்ததை எழுதி முடிக்கிறேன்.

மேல் வரிசை லைன் வீடுகள் முழுக்க. முனியாண்டி கோயிலும் அதன் மணியும். ஏலக்காய் அக்கா என்று நீங்கள் கூப்பிட்ட சரசு, அவர் கைப்பிள்ளையோடு. மாட்டுக்காரர் பெருமாள், அவிழ்த்துவிட ஓடியவர், மாடுகள் பிழைத்தன. ஜுரத்தில் படுத்திருந்த பள்ளிப் பையன் லோகன். கறுப்பன் என்ற நாய். நம் வீட்டில் இருந்த எல்லாம். தவமணி, என் மனைவி, உங்கள் அம்மா. மற்றவர்கள் மண்ணிலிருந்து திரும்பி வந்து தானா ராத்தா சுடுகாட்டுக்குப் போனார்கள். அவள் வரவில்லை.

அவள் குரல் கேட்டுப் பக்கவாட்டில் ஓடிப் பிழைத்தவர்கள் பாறை கொள்ளாமல் நின்றோம். அதையும் எழுதுகிறேன், அதுவும் கணக்கில் சேரட்டும்.

மலை இழந்தது ஒரு மரம். நான் வெட்டியது. அதுவும் துளிர்த்திருக்கும் இந்நேரம்.

ஆபீசிலிருந்து வெளியே வந்தபோது குணா மாமா லோரிக்கு எண்ணெய் போடப் போயிருந்தார். நான் தனியாக மறுபடி வேலி வரைக்கும் நடந்தேன். உள்ளே போகவில்லை. சாக்கடைக் கரையில் உட்கார்ந்தேன். கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல் விதை. முழங்கால் வரை, தையலுக்குள், மடிப்புக்குள். ஈப்போவுக்கு வந்து என்னோடு முளைக்கலாம் என்று ஏறியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்ளங்கையில் சேர்த்தேன். காலுறையைக் கழற்றி உதறி அதில் இருந்ததையும் சேர்த்தேன். எழுந்து, வேலிக்கு மேலே கையை நீட்டி, எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு வந்தேன்.